வெளிமோடத் தேர்வுக் குழு

ஒரு மோடத்தைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? சிகாமட்டில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜஹாங்கீருக்கு ஒரு தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், குடித்து முடிக்கும் நேரம் பிடித்தது. அதே வேலைக்குத் தென்ஜொகூர்த் தமிழர் கணினி மேம்பாட்டுப் பேரவைக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு தொழில்நுட்பப் பிரிவு, ஒரு லங்காவிப் பயணம், ஒரு வாழையிலை விருந்து எல்லாம் வேண்டியிருந்தன. அப்படியாவது தேர்ந்தெடுத்து முடித்தார்களா என்றால், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மோடம் தேவைப்பட்டது லாபிஸில் இருந்த சந்திரமதிக்கு. அகண்ட அலைவரிசை என்பது கோலாலம்பூர்க்காரர்களின் பேச்சில் மட்டும் இருந்த காலம் அது. லாபிஸ் பக்கம் இணையம் வேண்டுமானால் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வரவேண்டும்; கம்பியையும் கணினியையும் பேசவைக்கும் கருவிதான் மோடம். அவள் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலை மூட்டை கட்டிக்கொண்டு வியட்நாமுக்குப் போய்விட்டது. கணவன் ஜெயபாலன் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டினான். சந்திரமதியிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கெட்டிக்காரத்தனம்: தமிழைப் பிழையில்லாமல், கண்மண் தெரியாத வேகத்தில் தட்டச்சு செய்வாள்.

அது சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பயிற்சி நூல் போடும் ஆப்ரின் காதுக்கு எட்டியது. ஆப்ரின் நல்ல பெண், ஆனால் கறார். ஒரு நூலைக் கொடுத்து, "அக்கா, இத முழுசா அடிச்சு ஈமெயில்ல அனுப்புங்க. சரியா வந்துச்சுன்னா இனிமே வர்ற புக்கு எல்லாம் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தாள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை. சந்திரமதி அந்த நூலைப் பிள்ளைபோல் பார்த்துப் பார்த்து அடித்து வைத்திருந்தாள். அனுப்புவதுதான் பாக்கி.

அடித்தது பேரவை கொடுத்த மடிக்கணினியில். 'இல்லந்தோறும் கணினி' என்று ஒரு திட்டம் போட்டு, யாரோ கழித்துப்போட்ட மடிக்கணினிகளை வாங்கித் துடைத்து, மாலை போட்டு, மேடையில் வைத்துக் கொடுத்தார்கள். உள்ளே லினக்ஸ் இருந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. லினக்ஸ் இலவசம் என்று தலைவர் 'கணினிச் செம்மல்' சதாசிவத்திடம் யாரோ சொல்லிவிட்டார்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் அடிமை விலங்கு என்றும், அந்த விலங்கை முதலில் உடைத்தவன் தமிழனாக இருக்கவேண்டும் என்றும் அவர் மேடையில் முழங்கினார். அவருடைய சொந்த அலுவலகத்தில் விண்டோஸ்தான் ஓடியது. தலைவர்கள் விலங்கோடு இருந்தால்தானே தொண்டர்களுக்கு விடுதலையின் அருமை தெரியும்.

லினக்ஸில் குறை சொல்ல ஏதுமில்லை. தமிழ் அழகாக வந்தது. சிக்கல் உள்ளே இருந்த மோடத்தில். அது விண்டோஸ் இருந்தால்தான் வாயைத் திறக்கும் ரகம். தொலைபேசிக் கம்பியைச் செருகினால் பேசாமல் கிடந்தது. நூலை டிஸ்கெட்டில் எடுத்துப் போகலாமென்றால் அதைப் போடும் இடமோ முன்பே உடைந்திருந்தது. லாபிஸ் சைபர் கஃபேயில், துப்பாக்கியால் சுட்டு விளையாடும் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அங்கே கிடைத்த ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில் சோதனைக்கு ஒரு பக்கத்தை அடித்து அனுப்பிப் பார்த்தாள். உடனே ஆப்ரின் கூப்பிட்டாள்.

"அக்கா, எல்லாம் கட்டம் கட்டமா வருது லா. கட்டத்த வச்சு நான் பிள்ளைங்களுக்கு என்னா சொல்லிக்கொடுக்கறது?"

சந்திரமதி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சிகாமட்டுக்குப் பேருந்து ஏறினாள். ஜஹாங்கீர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடி அலமாரியைத் திறந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியை எடுத்தார்.

"உள்ள இருக்கறத மறந்துடுங்க அக்கா. அது விண்டோஸ் இல்லாம அசையாது. யு.எஸ்.பி மோடமும் பாதி அந்தச் சாதிதான், வேணாம். இந்தப் பழைய சீரியல் மோடத்த வெளியில மாட்டுங்க. இது லினக்ஸோட சண்டைக்குப் போகாது."

மாட்டினார். பெட்டி கீச்சென்று கத்தியது, கரகரத்தது, விளக்குகள் சிமிட்டின. இணையம் வந்துவிட்டது. படங்கள் நிறைந்த நூலை அனுப்ப மணிக்கணக்காகும், லாபிஸுக்குக் கடைசிப் பேருந்தோ கிளம்ப நின்றது. "எடுத்துட்டுப் போங்க, காச அப்புறம் பாத்துக்கலாம்" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டப்போன கையை ஜெயபாலன் பிடித்துக்கொண்டான்.

"ஏய், பொந்தியான் ரூபேந்திரன் கத தெரியாதா ஒனக்கு? பேரவை லேப்டாப்புல சொந்தமா ஒரு மவுஸ் மாட்டுனான். வேன் வச்சுட்டு வந்து லேப்டாப்ப தூக்கிட்டுப் போய்ட்டாங்க. பேரவை தேர்ந்தெடுக்காத சாமான மாட்டக்கூடாதாம், கையெழுத்து போட்டிருக்கோம்ல. ஒரு வார்த்த கேட்டுக்கோ."

சந்திரமதி செய்த ஒரே தப்பு இதுதான். கேட்டாள்.

தொலைபேசியை எடுத்தவர் செயலாளர் மதிவாணன்.

"மோடம் மாட்டிக்கலாம்மா, யாரு வேணாம்னு சொன்னா? ஆனா எந்த மோடம்னு பேரவைதான் முடிவு பண்ணணும்."

"கடைக்காரரு மாட்டிப் பாத்தாருங்க. நல்லா வேல செய்யுது."

"வேல செய்யறது வேற, தேர்வாகறது வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக்கூடாது."

அந்த வாரமே வெளிமோடத் தேர்வுக் குழு அமைந்தது. கெலாங் பாத்தா கிளைக்கு இடம் கொடுத்தால் பொந்தியான் கிளை கோபித்துக்கொள்ளும், பொந்தியானுக்குக் கொடுத்தால் மகளிர் பிரிவு வெளிநடப்புச் செய்யும் என்பதால் எல்லாருக்கும் இடம் கொடுக்கப்பட்டது. இடம் கிடைக்காதவள் சந்திரமதி ஒருத்திதான். அவள் பயனாளி. பயனாளி குழுவில் இருந்தால் சொந்த நலன் புகுந்துவிடுமாம்.

குழுவுக்குத் தலைவர் சபாபதி. கல்யாண வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர். ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுத்த அனுபவம் இருந்ததால் தொழில்நுட்பப் பிரிவு அவரிடம் இருந்தது. கெலாங் பாத்தா கடைவீட்டின் மாடியில் இருந்த பேரவை மண்டபத்தில் முதல் கூட்டம் நடந்தது. மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக 'அவர்களே' போட்டு விளித்து முடிப்பதற்குள் தட்டில் இருந்த கரிப்பாப் பலகாரம் ஆறிவிட்டது. பிறகு சபாபதி தொண்டையைச் செருமினார்.

"எனக்குக் கணினி பற்றி எதுவும் தெரியாது என்று சிலர் பேசுகிறார்கள். உண்மை! தெரிந்தவனிடம் கொடுத்தால் தனக்குத் தெரிந்ததைத்தானே தேர்ந்தெடுப்பான்? எதுவுமே தெரியாதவனால்தான் பாரபட்சம் இல்லாமல் நடந்துகொள்ள முடியும்!"

கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சந்திரமதியும் தட்டினாள். எல்லாரும் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாயிருக்காது.

அடுத்து மதிவாணன் ஓர் அபாயத்தைக் கண்டுபிடித்தார். வெளியில் மோடம் வேண்டும் என்றால் உள்ளே இருப்பது உதவாது என்று ஆகிறது. உள்ளே இருப்பது உதவாது என்றால் உதவாத கணினியைப் பேரவை கொடுத்தது என்று ஆகிறது. அப்படியானால் அதைக் கொடுத்தவர் யார்? எல்லாரும் தலைவரைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். சதாசிவமே எழுந்து அவையைக் காப்பாற்றினார்.

"உள்மோடம் சிறப்பாக இருக்கிறது. அது வேலை செய்யவில்லை என்பது அதன் அடக்கம். வெளிமோடம் அதற்குப் போட்டியாக வரவில்லை, துணையாக வருகிறது!"

உள்மோடத்தின் கௌரவத்துக்குப் பங்கம் வராமல் வெளிமோடம் தேர்ந்தெடுக்கப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது.

தேர்ந்தெடுப்பதற்கு முன் நாலு இடம் பார்க்கவேண்டும் அல்லவா? குழு வடக்கே லங்காவித் தீவுக்கு ஆய்வுப் பயணம் போனது. சிகாமட் பக்கத்தில் இருக்கிறது, அதனால் யாருக்கும் தோன்றவில்லை. லங்காவியில் வரி கிடையாது. வெயிலில் கறுத்த முகங்களோடும், சாக்லேட் பெட்டிகளோடும், பூப்போட்ட பீங்கான் தட்டுகளோடும் திரும்பி வந்து அறிக்கை கொடுத்தார்கள். லங்காவியில் மோடம் கிடைப்பதில்லை என்பது நேரில் உறுதி செய்யப்பட்டது என்று அறிக்கை சொன்னது. சந்திரமதிக்கும் ஒரு சாக்லேட் வந்தது.

இதற்குள் ஆப்ரினுக்குப் பொறுமை போய்விட்டது.

"சனிக்கிழமை ராத்திரி பிரிண்டிங்குக்குப் போவுது அக்கா. அன்னைக்கு ஏழு மணிக்குள்ள வரணும். வரலன்னா ஈப்போவுல ஒருத்தவங்க ரெடியா இருக்காங்க, அவங்கள வச்சு முடிச்சுக்குவேன். என்ன தப்பா நெனச்சுக்காதீங்க."

சிங்கப்பூருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாமென்றால் சந்திரமதியின் கடப்பிதழ் காலாவதியாகிக் கிடந்தது. மதிவாணனைக் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னாள். அவர் பூரித்துப்போனார்.

"சனிக்கிழமையா? அலமாக், என்னா பொருத்தம்! மோடம் வழங்கு விழா அன்னைக்குத்தான்மா. அஞ்சு மணிக்கு. தலைமை தாங்க டத்தோ வர்றாரு. லேப்டாப்ப எடுத்துட்டு வந்துடு, படத்துல தெரியணும்."

"அப்ப மோடம் முடிவாயிடுச்சுங்களா?"

"விழா முடிவாயிடுச்சு."

விஷயம் இதுதான். தேர்வுக் கூட்டத்தில் நாலைந்து மோடங்களைத் தட்டில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் தேறவில்லை. எல்லாமே சின்னது. கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் சுல்தான் கொடுத்த பட்டத்தோடு வரும் டத்தோவிடம் தலைவர் சோப்புப் பெட்டி கொடுப்பதுபோல் இருந்ததாம். பெரிய காசோலை அட்டை செய்து படம் எடுத்துப் பழகிய பேரவைக்கு வழி தெரியாதா? சபாபதி நுரை அட்டையில் கதவு உயரத்துக்கு ஒரு மோடம் செய்து, கறுப்புச் சாயம் அடித்து, கல்யாணப் பந்தலில் கட்டும் விளக்குச் சரத்தை முன்னால் மின்னவிட்டார். குழு அதை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது.

சனிக்கிழமை காலையில் கிளம்பும்போது ஜெயபாலன் ஜஹாங்கீரின் பொட்டலத்தை எடுத்து அவள் பைக்குள் திணித்தான். "எதுக்கும் கெடக்கட்டும்" என்றான். அவளைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது.

மண்டபத்தில் நாதஸ்வர ஒலிநாடா ஓடியது. பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்திருந்தார். மேடையில் நின்ற ராட்சத மோடத்தைச் சந்திரமதி ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"நெசமான மோடம் எங்கங்க?"

"மொதல்ல கொடுக்கறத வாங்கும்மா" என்றார் சபாபதி. "நீ இதுக்குப் பின்னால ஒக்காந்துக்கோ. டத்தோ ரிப்பன் வெட்டுனதும் லேப்டாப்போட வெளிய வரணும். அதுவரைக்கும் தலைய நீட்டாத."

அட்டைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, சுவரில் ஒரு மின்செருகுவாய், மேடையை ஒழுங்கு பண்ணும்போது யாரோ ஒதுக்கித் தள்ளிய மண்டபத்துத் தொலைபேசி. சந்திரமதி உட்கார்ந்தாள். ஐந்து மணி ஆனது, ஐந்தரை ஆனது. டத்தோ வரவில்லை. சதாசிவம் வரவேற்புரையை ஆரம்பித்தார்.

அவள் தொலைபேசியைப் பார்த்தாள். மாட்டினால் கணினி போய்விடும். மாட்டாவிட்டால் வேலை போய்விடும். இத்தனை நாள் பயந்து பயந்து, கேட்டுக் கேட்டு, கைதட்டி, கிடைத்தது ஒரு சாக்லேட்தானே என்று அவளுக்கு வந்ததே ஆத்திரம்! போங்கடா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பையிலிருந்து ஜஹாங்கீரின் மோடத்தை எடுத்து மடிக்கணினியில் மாட்டி, தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கி அதில் செருகினாள்.

ஒன்றை மறந்துவிட்டாள். மோடம் கத்தும். கீச்சென்று தொடங்கிக் கரகரவென்று மண்டபம் முழுக்கக் கேட்டது. சதாசிவம் பேச்சை நிறுத்தினார். ராட்சத மோடத்தின் முன்னால் விளக்குச் சரம் தன் பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"கேட்டீர்களா!" என்று கூவினார் சதாசிவம். "பேரவையின் மோடம் பேசுகிறது!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சபாபதி தான் செய்த நுரை அட்டையை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துவிட்டு, பிறகு அடக்கமாகத் தலைகுனிந்து கும்பிட்டார்.

நூல் நிறையப் படங்கள் உள்ள நூல். தொலைபேசிக் கம்பி வழியே எறும்பு ஊர்வதுபோல் போனது. ஆறு மணி ஆகியும் முடியவில்லை. ஆனால் டத்தோ வராமல் பேச்சை முடிக்கக்கூடாது என்பது பேரவை மரபு. எல்லாருடைய கைபேசியையும் அவை மரியாதைக்காக அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். டத்தோவின் ஓட்டுநர் கெலாங் பாத்தா புதுக் குடியிருப்புச் சந்துகளில் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டு, மண்டபத்து எண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அது ஓயாமல் வேறு இணைப்பில் இருந்தது.

வரவேற்புரை முடிந்து தலைமையுரை நடந்தது. தலைமையுரை முடிந்து வாழ்த்துரை நடந்தது. வந்திராத டத்தோவுக்கு நன்றியுரையும் நடந்தது. வேறு வழியில்லாமல் சதாசிவம் மறுபடி எழுந்தார். "தகவல் தொடர்பில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது! உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் நம்மை அழைக்கலாம், அடுத்த நொடி நாம் பதில் சொல்வோம்!" என்றார். அவர் பேசப்பேச நூல் போய்க்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரா என்று ஒரு ஜீவன் ஏங்கியது.

ஏழு அடிக்கச் சற்று முன்பு அனுப்பி முடிந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். பதில் வந்தது. 'வந்துடுச்சு அக்கா. பாத்த வரைக்கும் ஒரு பிழகூட இல்ல. அடுத்த புக்கும் உங்களுக்குத்தான்.' அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, மோடத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, கம்பியைத் தொலைபேசியில் திரும்பச் செருகினாள். செருகியதும் மணி அடித்தது. மதிவாணன் ஓடிவந்து எடுத்தார்.

"டத்தோ வீட்டுக்குத் திரும்பிட்டாரு!" என்று ஓட்டுநர் கத்தியது அட்டையைத் தாண்டி மேடைவரைக்கும் கேட்டது. "ஒரு மணி நேரத்துக்கும் மேலா போன் என்கேஜ்! இதுல ஒங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் சங்கம் வேற!"

விருந்து ஆறுவதற்குள் விசாரணைக் குழு அமைத்தார்கள். சந்திரமதி எதையும் மறைக்கவில்லை. பேரவையைக் கொதிக்க வைத்தது டத்தோ போனதுகூட இல்லை.

"தேர்வாகாத மோடம் எப்படி வேல செய்யலாம்?" என்று கேட்டார் சபாபதி. உண்மையிலேயே அவர் மனசு புண்பட்டிருந்தது.

மடிக்கணினியை அங்கேயே ஒப்படைக்கவேண்டும் என்று தீர்ப்பானது. ஆனால் டத்தோ இல்லாத விழாவில் ஒரு படமாவது வேண்டாமா? புகைப்படக்காரர் வேறு கிளம்ப நின்றார். ஆகவே ஒப்படைப்பை மேடையிலேயே வைத்துக்கொண்டார்கள். சந்திரமதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் மடிக்கணினியை நீட்டினாள், சதாசிவம் வாங்கினார்.

"ரெண்டு பேரும் பிடிச்சுக்குங்க. என்னப் பாருங்க. சிரிங்க" என்றார் புகைப்படக்காரர். மேடையில் சிரிக்காமல் படம் எடுத்துப் பழக்கமில்லாத தலைவர் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டதே என்று சந்திரமதியும் சிரித்தாள்.

கணினி இல்லாத வெறும் பையோடு வீட்டுக்கு வந்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. வேலை கிடைத்தது, செய்ய எந்திரம் இல்லை. ஜெயபாலன் ஆறுதல் சொல்லப் பார்த்தான், முடியவில்லை. திங்கட்கிழமை நாளிதழைப் பிரித்தவன்தான் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். படத்தில் இரண்டு பேர் ஒரு மடிக்கணினியைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். கீழே, 'லாபிஸ் திருமதி சந்திரமதிக்கு மடிக்கணினி வழங்குகிறார் கணினிச் செம்மல் சதாசிவம்' என்று இருந்தது. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல ஆண்டவனாலும் முடியாது. பத்திரிகைக்காரர்கள் வழக்கப்படி எழுதியிருந்தார்கள்.

மறுநாள் அவள் பேரவை அலுவலகத்தில் நின்றாள். அதே படம் அதற்குள் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியிருந்தது. கீழே மேசையில் அவளுடைய மடிக்கணினி இருந்தது.

"எனக்கு லேப்டாப் கொடுத்ததா பேப்பர்ல வந்திருக்குங்க. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அது அவங்க தப்பா போட்டுட்டாங்கம்மா" என்றார் மதிவாணன்.

"அப்ப திருத்திப் போடச் சொல்லுங்க. தலைவரு கொடுக்கல, பொம்பள கையிலேர்ந்து பிடுங்குனாருன்னு. படம் அதே படம் போதும்."

மதிவாணன் தலைவரைப் பார்த்தார். சதாசிவம் சுவரில் இருந்த தம்மைப் பார்த்தார். படத்தில் அவர் நன்றாக விழுந்திருந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பத்திரிகையில வந்துடுச்சு மதிவாணன்" என்றார் கடைசியில், களைத்த குரலில். "பேப்பர்ல வந்தத பேரவை என்னைக்குமே மறுத்ததில்ல. எடுத்துக் கொடுங்க."

சந்திரமதி மடிக்கணினியை வாங்கிப் பையில் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் மதிவாணன் இழுப்பறையைத் திறந்து கேமராவை எடுத்துவிட்டார். கை பழக்கம்.

"ஒரு நிமிஷம்மா. தலைவர் பக்கத்துல வந்து அதப் பிடிச்சுக்கிட்டு நில்லு. ஒரே ஒரு படம்."

"வேணாங்க" என்றாள் சந்திரமதி. "அதுவும் பேப்பர்ல வந்துடும். அப்புறம் இன்னொண்ணு வாங்கிக்க நான் திரும்ப வரணும்."